தொண்ணூத்தெட்டு பாயிண்ட் நாலு

புதுவழி இல்லம்
18-11-2024

அன்புள்ள சுகாசினி அக்காவுக்கு,

தம்பி ராமராஜன் எழுதுறது. உடம்புக்கு இங்க ஒரு கொறையும் இல்ல. நீயும் அம்மாவும் ஓரிக்கையில அதே மாதிரி இருக்கணும். அம்மாவுக்கு அந்த இருமல் எப்டி இருக்குது, தைலம் தேச்சும் விடாத அந்தக் கால் வலி எப்டி இருக்குது, ரெண்டையும் எழுது.

வந்து பதிமூணு நாள் ஆச்சு. மொத வாரம் கை நடுங்கி டம்ளரப் புடிக்க முடியல. இப்ப பேனா புடிக்கிறேன், பாத்துக்க. இங்க போன் கெடையாது, மாசத்துக்கு ரெண்டு கடிதாசி தான். அதையும் கமலவேணி மேடம்னு கவுன்சிலர் ஒருத்தங்க படிச்சிட்டு தான் அனுப்புவாங்க. (வணக்கம் மேடம்.) மொத்தம் நூத்தி எண்பது நாள். மே மாசம் நாலாந்தேதி வெளிய விடுவாங்க. மூணு மாசம் முடிஞ்சாதான், அதாவது பிப்ரவரி அஞ்சாந்தேதிக்கு மேல தான் வீட்டாளுங்க வந்து பாக்கலாம். அன்னிக்கு அம்மாவைக் கூட்டிக்கினு வந்துடு.

தீபாவளிக்கு நான் பண்ணத நீ மறந்திருக்க மாட்ட. அம்மாவோட கருப்புப் பொட்டைக்கோழி அடையில உக்காந்து பத்தொம்போது நாள். இன்னும் ரெண்டே நாள்ல பொரிச்சிருக்கும். அதைத் தூக்கிக்கினு போயி பசங்களோட சரக்குக்கு வறுத்துத் தின்னேன். ரெண்டு வருஷம் குஞ்சுப் பண்ணையில வேலை பாத்தவன் நான், அந்த முட்டைக்குள்ள என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா. காலையில எழுந்து பாத்தா அம்மா பன்னெண்டு முட்டையையும் மடியில கட்டிக்கினு, மேல போர்வையப் போத்திக்கினு உக்காந்திருக்குது. ரெண்டு நாள் அப்படியே இருந்துச்சு. ஒண்ணு கூடப் பொழைக்கல. அதுல இருந்து என்கிட்ட ஒரு வார்த்த பேசல. நான் வண்டி ஏறும்போது கூட சுவத்தத் தான் பாத்துக்கினு இருந்துச்சு.

அதனால வர்றதுக்கு முன்னாடியே பண்ணையில இருக்கிற ஜான்சன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். டிசம்பர் ரெண்டாந்தேதி இருபத்தஞ்சு நாட்டுக்கோழிக் குஞ்சு வீட்டுக்கே கொண்டாருவான். அன்னிக்குப் பொரிச்சதா இருக்கும். தாய் இல்லாத குஞ்சு, நாம தான் சூடு குடுக்கணும். சேலைக்குக் குஞ்சம் கட்டுறவளுக்குக் குஞ்சு வளக்கத் தெரியாதான்னு கேப்ப. தெரியாது, சொல்றதைக் கேளு.

சேலை வர்ற அட்டைப் பெட்டிங்களப் பிரிச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, நாலடி அகலத்துக்கு வட்டமா நிறுத்து. மூலையே இருக்கக் கூடாது. குஞ்சு பயந்தா மூலையில ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மூச்சு முட்டிச் செத்துடும். உள்ள ரெண்டு வெரல் கனத்துக்கு உமி, மொத ரெண்டு நாள் மட்டும் அதுமேல பேப்பர். வந்ததும் வெல்லத் தண்ணி குடு. தண்ணித் தட்டுல கூழாங்கல்லு போட்டு வை, இல்லாங்காட்டி விழுந்து நனைஞ்சு வெறைச்சுடும். தரையில இருந்து ஒரு முழம் மேல ஒரு பல்பு தொங்க விடு. ராத்திரி பகல் எரியணும், தண்ணியும் தீரக் கூடாது. மூணு வாரத்துக்கு லைட்ட அமத்தவே அமத்தாத. மொத வாரம் தொண்ணூத்தஞ்சு டிகிரி இருக்கணும், அப்புறம் வாரத்துக்கு அஞ்சு கொறையணும். அம்மாவுக்குக் காய்ச்சல் பாக்குற மெஷின் இருக்குதே, அதை வெச்சுப் பாரு. இருபத்தஞ்சுல ரெண்டு மூணு போயிடும், அதுக்கு அழாத.

இந்தக் கடிதாசிய அம்மாவுக்குப் படிச்சுக் காட்டு. அது என்ன சொல்லுச்சோ அதை அப்படியே எழுது. திட்டினாலும் சரி. அந்த ஒரு வார்த்தைக்காகத் தான் நான் இங்க நாளு தள்ளிக்கினு இருக்கேன்.

உன் தம்பி,
ராமராஜன்

*

ஓரிக்கை
29-11-2024

மதிப்புக்குரிய கமலவேணி மேடம் அவர்களுக்கு,

உங்க இல்லத்துல இருக்கிற ராமராஜனோட அக்கா சுகாசினி வணக்கம் சொல்லி எழுதறேன். நீங்களும் உங்க வீட்டுல இருக்கறவங்களும் சுகமா இருக்கணும்.

எங்க அம்மா தில்லையம்மாள் போன ஞாயித்துக்கிழமை, இருபத்திநாலாந்தேதி விடிஞ்சப்ப தவறிட்டாங்க. இருமல் நெஞ்சுக்கு எறங்கிடுச்சு. தம்பி கடிதாசி முந்தின நாள் சனிக்கிழமை தான் வந்துச்சு, படிச்சுக் காட்டினேன். கேட்டுட்டு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தாங்க. காலையில எழுப்பினேன், எழுந்துக்கல.

கொள்ளி சித்தப்பா மகன் சின்னப்பையன் வெச்சான். பெத்த பிள்ளை உசுரோட இருக்கையில இன்னொருத்தன வெக்கச் சொன்னது நான் தான். பாவம்னா அது என் தலையில விழட்டும். எங்க அப்பா செத்தப்ப பதினாறு நாள் எல்லாத்துக்கும் ஓடி ஓடி நின்னவன் அவன். பதினாறாம் நாள் சாயங்காலம் பிராந்திக் கடைக்குப் போனான், அது தான் ஆரம்பம். இப்ப சேதி சொன்னா உங்க சுவரேறிக் குதிச்சு வருவான். வந்தா அம்மாவும் இல்ல, அவனும் இல்லன்னு ஆயிடும். உங்க கால்ல விழுந்து கேக்கறேன் மேடம், அவனுக்குச் சொல்லாதீங்க. கொஞ்சம் தேறட்டும், நானே சொல்றேன்.

அம்மா என்ன சொல்லுச்சுன்னு எழுதச் சொல்லியிருக்கான். அதை எப்படி எழுதறதுன்னு தான் எனக்குத் தெரியல.

இப்படிக்கு,
சுகாசினி

*

ஓரிக்கை
12-12-2024

தம்பி ராமராஜனுக்கு,

அக்கா எழுதறேன். நான் இருக்கேன். அம்மாவுக்கு இப்ப இருமலே இல்ல. கால் வலியும் இல்ல. நீ நேரத்துக்குச் சாப்பிடுறியா, நல்லாத் தூங்குறியா.

பதில் எழுத நாளாயிடுச்சு, கோச்சுக்காத. வேலை இருந்துச்சு. ஜான்சன் சொன்ன தேதிக்குக் கரெக்டா வந்தான். வாசல்ல கொஞ்ச நேரம் நின்னுட்டு அப்புறம் தான் உள்ள வந்தான். பெட்டிக்குள்ள இருபத்தஞ்சும் கத்தின கத்துல பக்கத்து வீட்டு மேரி அக்கா வந்து எட்டிப் பாத்தாங்க. திருப்பி எடுத்துக்கினு போன்னு சொல்ல மனசு வரல.

நீ சொன்ன மாதிரியே வட்டமா கட்டிட்டேன். அம்மா படுக்குற மூலையில தான் வெச்சேன். பிளக் பாயிண்ட் அங்க தான் இருக்குது, காத்தும் படாது. அம்மா ஒண்ணும் சொல்லல. பல்பு அந்தோணி அண்ணன் கடையில வாங்கினேன். குண்டு பல்பு இப்ப எவன் விக்கிறான், எல்லாம் ஒண்ணு தான், கரண்டும் மிச்சம்னு ஒம்போது வாட்டு பல்பு குடுத்தாரு. பளிச்சுன்னு எரியுது. ராத்திரி பகல் அமத்தறதே இல்ல.

இருபத்தஞ்சும் நல்லா இருக்குது. ஒண்ணு கூடச் சாகல. காய்ச்சல் மெஷின்ல செல்லு தீந்துடுச்சு, வாங்கணும். ஆனா கைய வெச்சுப் பாத்தா உமி வெதுவெதுன்னு தான் இருக்குது, ஆளு படுத்து எழுந்த பாய் மாதிரி.

நீ எழுதினத அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிச்சு. உன்னப் பத்தி ஒண்ணும் சொல்லல.

உடம்பப் பாத்துக்க.

அக்கா

*

புதுவழி இல்லம்
22-12-2024

அக்காவுக்கு,

நான் சௌக்கியம். நாப்பத்தேழு நாள் தாண்டிட்டேன். அம்மாவுக்கு இருமல் நின்னுச்சுன்னு படிச்சதும் மனசு லேசாச்சு. திரும்பிப் படுத்துக்கிச்சா, படுக்கட்டும். இன்னொரு தபா கேளு.

ஆனா ஒம்போது வாட்டுன்னு எழுதியிருக்கியே, அதைப் படிச்சதுல இருந்து தூக்கம் இல்ல. அது எல்.இ.டி. அக்கா. அதுல வெளிச்சம் தான் வரும், சூடு வரவே வராது. தப்பு என்னோடது தான். பண்ணையில பல்புன்னாலே அறுபது வாட்டு குண்டு பல்பு, அந்தப் பழக்கத்துல பல்புன்னு மட்டும் எழுதிட்டேன். இந்தப் பனியில சூடு இல்லாம ஒருநாள் குஞ்சு ஒரு ராத்திரி தாங்காது. நீ எழுதும்போது பத்து நாள் ஆயிருக்குது. எத்தனை செத்துச்சுன்னு உள்ளதைச் சொல்லு. நான் மனசு ஒடைஞ்சுடுவேன்னு மறைக்காத. எது நடந்தாலும் குடிக்க மாட்டேன், இதை மேடமும் படிக்கட்டும்.

எங்கயாவது தேடி குண்டு பல்பு வாங்கி மாட்டு. அப்புறம் குஞ்சு எப்டிப் படுக்குதுன்னு பாரு, அதுவே கதையச் சொல்லிடும். பல்புக்கு நேர் கீழ குமிஞ்சா குளிர் அதிகம். பல்ப விட்டு ஓரத்துக்கு ஓடி வாயப் பொளந்தா சூடு அதிகம். ஒரு பக்கமா ஒதுங்கினா காத்து வருது. பரவலாப் படுத்துக் கெடந்தா எல்லாம் சரி.

என்ன இருந்தாலும் தாய்க்கோழி மாதிரி வராது. அடைக்கோழி இருக்குதே, ஒரு முட்டை பாக்கி இருந்தாக் கூட எடத்த விட்டு எழுந்துக்காது. பொரிச்சதை எல்லாம் ரெக்கைக்குள்ள வெச்சுக்கினு, அந்த ஒண்ணுக்காக உக்காந்துக்கினே இருக்கும். நம்ம கருப்பியும் அந்த ஜாதி தான். அதைத் தான் நான் அறுத்தேன்.

தம்பி,
ராமராஜன்

*

ஓரிக்கை
3-1-2025

தம்பிக்கு,

புது வருஷத்துல நீ நல்லா இருக்கணும்னு கச்சபேஸ்வரர் கோயில்ல வேண்டிக்கினேன். அக்காவுக்கு லேசா ஜலதோஷம், வேற ஒண்ணும் இல்ல. அம்மா அப்படியே தான் இருக்குது.

மறைக்கல. இருபத்தஞ்சும் உசுரோட இருக்குது. ரெக்கை மொளச்சு, அட்டை மேல ஏறி உக்காந்து என் குஞ்சத்து நூலைக் கொத்துது. நம்பலன்னா ஜான்சனக் கேளு, அவனும் வந்து ரெண்டு தபா எண்ணிப் பாத்துட்டுப் போனான்.

குண்டு பல்பு பெரிய காஞ்சிபுரத்துல ஒரு பழைய கடையில ஒண்ணே ஒண்ணு கெடைச்சுது. மாட்டினேன். மாட்டின கொஞ்ச நேரத்துல குஞ்சு எல்லாம் ஓரத்துக்கு ஓடி வாயப் பொளந்துக்கினு நிக்குது. சூடு அதிகம்னு நீ எழுதினியே, அதே தான். கழட்டிட்டு பழையதையே மாட்டினேன், அடங்கிடுச்சு. மெஷினுக்குச் செல்லு வாங்கிட்டேன். தொண்ணூத்தெட்டு பாயிண்ட் நாலு. காலையில பாத்தாலும் அதே, மத்தியானம் பாத்தாலும் அதே. நீ வாரத்துக்கு அஞ்சு கொறையணும்னு எழுதின, பாயிண்ட்டு கூடக் கொறையல.

போன மாசம் புயல் மழையில ரெண்டு நாள் கரண்டு இல்ல. பல்பும் எரியல. போச்சுடா எல்லாம்னு நெனச்சேன். ஒரு குஞ்சு கூடக் கத்தல. மெஷின வெச்சேன், தொண்ணூத்தெட்டு பாயிண்ட் நாலு.

படுக்குறதும் நீ சொன்ன எந்தக் கணக்குலயும் வரல. குமியவும் இல்ல, பரவலாவும் இல்ல. சுவத்த ஒட்டி நீளமா ஒரு எடம் விட்டுட்டு, அதுக்கு இந்தாண்ட பிறை மாதிரி வளைஞ்சு படுக்குது. அந்த எடத்துல ஒண்ணும் இல்ல, வெறும் உமி. அதுல ஒரு குஞ்சும் கால் வெக்கறதில்ல. சுத்திக்கினு தான் போகுது. அப்புறம் இன்னொண்ணு கேக்கணும். குஞ்சைக் கையில எடுத்து மோந்தா தைலம் வாசனை அடிக்குதுடா. தீவனத்துல தைலம் மாதிரி ஏதாவது கலப்பாங்களா? நீ தான் சொல்லணும்.

அக்கா

*

(அதே உறையில், மடித்து வைத்த தனித்தாள்)

3-1-2025

மேடம், வணக்கம். இது உங்களுக்கு மட்டும். தயவு பண்ணி அவன்கிட்ட குடுக்காதீங்க.

இதை யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல. எங்க சாதியில உசுரு போன எடத்துல தலைமாட்டுல ஒரு வெளக்கும் ஒரு செம்புத் தண்ணியும் வெப்போம். பதினாறு நாள் வெளக்கு அணையக் கூடாது, தண்ணியும் வத்தக் கூடாது. போனவங்க தாகமா வருவாங்க, வெளிச்சம் பாத்து வருவாங்க. பதினாறாம் நாள் வெளக்க அமத்தி, தண்ணிய வெளிய ஊத்திட்டா அவங்க கெளம்பிடுவாங்க.

குஞ்சு வந்தது ஒம்போதாம் நாள். வீட்டுல பிளக் பாயிண்ட் இருக்கிறது அந்த ஒரே மூலை. உமி, பேப்பர், அட்டை இத்தனைக்கு நடுவுல எண்ணெய் வெளக்கு வெச்சா வீடே எரிஞ்சிடும்னு ஜான்சன் சொன்னான். சரி, இதுவும் வெளக்கு தானே, இதுவும் தண்ணி தானேன்னு அம்மாவோட வெளக்க எடுத்துட்டுப் பல்ப மாட்டினேன். அம்மாகிட்ட மனசுக்குள்ள சொல்லிட்டு தான் மாட்டினேன்.

பதினாறாம் நாள் காரியம் பண்ண வந்த கலியாணசுந்தரம் பெரியவர், வெளக்க அமத்தினியான்னு கேட்டாரு. குஞ்சுக்கு ஏழு நாள் தான் ஆயிருந்துச்சு, அமத்தினா அத்தனையும் செத்துடும், தம்பி வந்து கேட்டா என்ன சொல்வேன். அமத்திட்டேன்னு பொய் சொன்னேன். இன்னிக்கு நாப்பது நாள். வெளக்கும் எரியுது, தண்ணியும் இருக்குது.

இப்ப குஞ்சுக்கு லைட்டு தேவையில்ல. ஆனா எனக்குக் கை வரல மேடம். கரண்டு போனது வேற, என் கையால அமத்தினா அம்மா போயிடும்னு பயமா இருக்குது. அமத்தியும் போகலன்னா என்ன பண்றதுன்னு அதை விடப் பயமா இருக்குது. அவன் கோழி விஷயம் தெரிஞ்சவன், இதுக்கெல்லாம் ஏதாவது சாதாரணக் காரணம் எழுத மாட்டானான்னு தான் அவனுக்கு எல்லாத்தையும் எழுதிட்டேன். உங்க உடம்பப் பாத்துக்கங்க.

சுகாசினி

*

புதுவழி இல்லம்
14-1-2025

அக்காவுக்கு,

பொங்கல் அன்னிக்கு எழுதறேன். இங்கயும் பொங்கல் வெச்சாங்க, சாப்பிட்டேன். ஜலதோஷத்துக்கு மிளகு போட்டுக் குடி.

எந்தத் தீவனத்துலயும் தைலம் கெடையாது.

மூணு நாளா ஒரே கணக்கப் போட்டுப் போட்டுப் பாக்கறேன். பல்பு சூடு இப்டி ஒரே எடத்துல நிக்காது, வெயில் ஏறினா ஏறும், பனி எறங்கினா எறங்கும். தாய்க்கோழியோட உடம்புச் சூடு நூத்தி ஏழு, அதுவும் இல்ல. தொண்ணூத்தெட்டு பாயிண்ட் நாலு மனுஷனோட சூடு, அக்கா.

சுவத்த ஒட்டி நீளமா எடம், இந்தாண்ட பிறை மாதிரி குஞ்சு. ஒருத்தர் ஒருக்களிச்சு, முட்டிய மடக்கிப் படுத்தா வயித்துப் பக்கம் அப்டித்தான் வளையும். அம்மா அப்டித்தான் படுக்கும்.

அம்மா படுக்குற மூலையில குஞ்சு வெச்சேன்னு மொதல்லயே எழுதின. அப்ப அம்மா எங்க படுக்குது? நேரா ஒரு வரி எழுது.

ராமராஜன்

*

புதுவழி இல்லம்
30-1-2025

அக்கா,

நல்லா இருக்கியா. உன் பதில் வரல.

வேற வேலை இல்லாம நீ எழுதின ரெண்டு கடிதாசியையும் மனப்பாடம் ஆகுற அளவுக்குப் படிச்சிட்டேன். இருமல் இல்ல. கால் வலி இல்ல. ஒண்ணும் சொல்லல. அப்படியே இருக்குது. அம்மா சாப்பிட்டுச்சுன்னு ஒரு எடத்துல கூட நீ எழுதலக்கா. திட்டிச்சுன்னு எழுதல, கடைக்குப் போச்சுன்னு எழுதல. குஞ்சத் தூக்கி மடியில வெச்சுக்கிச்சுன்னு எழுதல. இருபத்தஞ்சு குஞ்சு வீட்டுல இருக்கும்போது அம்மா சும்மா இருக்குமா?

அஞ்சாந்தேதி காலையில கேட்டாண்ட நிப்பேன். அம்மாவைக் கூட்டிக்கினு வா.

ராமராஜன்

*

புதுவழி இல்லம்
7-2-2025

அன்புள்ள சுகாசினி அவர்களுக்கு,

நீங்கள் உடலும் மனமும் தேறியிருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இங்கே உங்கள் தம்பி நலம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், படிக்கும்போது உங்களுக்குப் பதற்றம் வேண்டாம்.

ஐந்தாம் தேதி காலை ஆறு மணியிலிருந்து அவர் வாசலில் நின்றார். நீங்கள் வரவில்லை. மதியம் என் அறைக்கு வந்து, "எப்ப மேடம்?" என்று மட்டும் கேட்டார். இனி மறைப்பது சரியில்லை என்று எனக்குத் தோன்றியது. நவம்பர் இருபத்து நான்கு என்றேன். விரல் விட்டு எண்ணினார். "குஞ்சு வந்தது ஒம்போதாம் நாள்" என்றார். அழவில்லை. முடிவெட்டுகிறவரிடம் சொல்லி மொட்டை அடித்துக்கொண்டார்.

அன்று வந்து போகிறவர்களுக்காக மாலை வரை கேட் திறந்திருந்தது. அவர் அங்கே போய் நின்றதைச் சன்னலில் இருந்து பார்த்தேன். நான் கூப்பிடவில்லை. நெடுநேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, வரிசையில் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நீங்கள் பயந்தது நடக்கவில்லை.

விளக்கைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அது நீங்கள் சொல்ல வேண்டியது. எனக்கு இந்த விஷயங்களில் நம்பிக்கை உண்டா இல்லையா என்று எனக்கே தெரியாது. அந்தக் காய்ச்சல் கருவி பழுதாக இருக்கலாம். ஒருமுறை வீட்டில் வேறு இடங்களில் வைத்துப் பாருங்கள்.

அன்புடன்,
கமலவேணி

*

புதுவழி இல்லம்
12-2-2025

அக்கா,

சௌக்கியம் கேட்டு எழுத கை வரல. இருந்தாலும் கேக்கறேன், எப்டி இருக்க.

உன் மேல கோவம் தான். எங்கம்மாவுக்குச் சின்னப்பையன் கொள்ளி வெச்சிருக்கான். நான் இங்க உக்காந்து அன்னிக்கு கேரம் போர்டு ஆடிக்கினு இருந்திருப்பேன். இதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். நீ பண்ணது தப்புன்னும் சொல்ல முடியல. கேட்டாண்ட நின்னப்ப எதிர்ல பஸ்ஸு வந்து நின்னுச்சுக்கா, கதவு தெறந்தே இருந்துச்சு. எப்டித் திரும்பி வந்தேன்னு எனக்கே தெரியல.

வெளக்கு விஷயம் மேடம் சொல்லல, எனக்கே தெரிஞ்சிடுச்சு. அப்பாவுக்குப் பதினாறு நாளும் வெளக்குக்கு எண்ணெய் ஊத்தினவன் நான். உசுரு போன எடத்துல வெளிச்சம், தண்ணி. மூணு வாரம் அமத்தாதன்னு எழுதினதும் நான் தான். அம்மாவைப் போக விடாம நிறுத்தி வெச்சது என் கடிதாசி.

குஞ்சுக்கு எழுவது நாள் தாண்டிடுச்சு. வெளிய கூண்டு கட்டி விடு. லைட்ட அமத்து, தண்ணிய ஊத்திடு. தனியா பண்ணாத, சின்னப்பையனக் கூப்பிட்டுக்க. நீ ஒண்டியா அந்த வீட்டுல பயந்துக்கினு இருக்கிறது எனக்குத் தாங்கல.

ஒண்ணே ஒண்ணு மட்டும். கடிதாசி படிச்சப்ப அம்மா நெஜமாவே ஒண்ணும் சொல்லலையா?

ராமராஜன்

*

ஓரிக்கை
16-3-2025

என் தம்பி ராமராஜனுக்கு,

அக்கா நல்லா இருக்கேன். ஜலதோஷம் விட்டுடுச்சு. போன மாசக் கடைசியில உன்னப் பாத்துட்டு வந்ததுல இருந்து ராத்திரி நல்லாத் தூங்குறேன். மொட்டைத் தலையோட நீ வந்து நின்ன. நீ அழுத, நானும் அழுதேன், அரை மணி நேரம் அதுலயே போயிடுச்சு. நேர்ல சொல்ல வந்ததை எழுதறேன்.

பத்தாந்தேதி திங்கக்கெழமை காலையில சின்னப்பையன் வந்தான். குஞ்சு எல்லாத்தையும் பின்னாடி கூண்டுல விட்டோம். குஞ்சுன்னு சொல்றேன், சேவல் ஒவ்வொண்ணும் என்னையே முட்ட வருது. இருபத்தஞ்சும் இருக்குது. லைட்ட அமத்தினேன். பல்பக் கழட்டி அந்தோணி அண்ணன் கடையிலயே குடுத்துட்டேன். தண்ணிய முருங்கை மரத்தடியில ஊத்தி, அம்மா போயிட்டு வான்னு சொன்னேன். அட்டை, உமி எல்லாம் வாரிக் கொட்டிட்டு ரெண்டு பக்கெட்டு தண்ணி விட்டுத் தரையக் கழுவினோம்.

காஞ்சதும் அந்த மெஷின எடுத்தேன். மேடம் சொன்னாங்களேன்னு மொதல்ல சமையக்கட்டுத் தரையில வெச்சேன். நம்பரே காட்டல, சூடு போதலன்னா அப்டித்தான் காட்டும். வாசப்படியில வெச்சேன், அதே தான். என் கக்கத்துல வெச்சேன், தொண்ணூத்தேழு பாயிண்ட் ஏழு. மெஷின் நல்லாத் தான் இருக்குது.

அப்புறம் அந்த மூலையில, வெறும் சிமிட்டித் தரையில வெச்சேன். தொண்ணூத்தெட்டு பாயிண்ட் நாலு.

சின்னப்பையன் சட்டைய எடுத்துக்கினு கெளம்பிட்டான். நான் கெளம்பி எங்க போறது. கொஞ்ச நேரம் நின்னுட்டு அங்கயே படுத்தேன். முதுகுல சூடு ஏறிச்சு. இத்தனை நாள் பயந்தேனே, அப்ப பயமே வரல. தைலம் வாசனை வந்துச்சு. அப்படியே தூங்கிப் போயிட்டேன்.

அம்மா சொன்னதை இப்ப சொல்றேன். உன்கிட்ட மறைச்சது தப்பு தான். உன்னப் பத்தி அது ஒண்ணும் சொல்லல, அது நெஜம். அதனால தான் எழுத மனசு வரல. கடிதாசி முழுக்கக் கேட்டுச்சு. அந்தப் பன்னெண்டு முட்டை வர்ற எடத்துல கண்ண மூடிக்கிச்சு. படிச்சு முடிச்சதும் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினு, "குஞ்சு வரட்டும், நான் பாத்துக்கறேன்"ன்னுச்சு. அவ்ளோ தான். அதுக்கப்புறம் பேசல.

நான் அதை அந்த இருபத்தஞ்சுக்குச் சொன்னதா நெனச்சேன். அதுங்க தான் கூண்டுக்குப் போயிடுச்சே. கலியாணசுந்தரம் பெரியவர்கிட்ட மறைக்காம எல்லாத்தையும் சொன்னேன். மறுபடி காரியம் பண்ணலாமான்னு கேட்டாரு. வேணாம்னு சொல்லிட்டேன். நீ தான எழுதின, ஒரு முட்டை பாக்கி இருந்தாக் கூட அடைக்கோழி எடத்த விட்டு எழுந்துக்காதுன்னு.

இன்னும் நாப்பத்தொம்போது நாள் இருக்குது. பஸ்ஸுல எங்கயும் எறங்காம நேரா வீட்டுக்கு வா. இன்னிக்குக் காலையிலயும் கைய வெச்சுப் பாத்தேன், அப்படியே தான் இருக்குது. உன் பாயை அங்க விரிச்சு வெச்சிருக்கேன்.

அக்கா,
சுகாசினி